வெளிநாட்டு ஃபெல்லோஷிப் முடித்துத் திருநெல்வேலி திரும்புவோருக்கு: தாள்கள், செலவுகள், தேதிகள்

வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லித்தர நம் பக்கத்திலேயே ஆட்கள் கிடைக்கிறார்கள். அதை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவது எப்படி என்று கேட்டால், "டிக்கெட் போட்டு வந்துவிட வேண்டியதுதானே" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான் திருநெல்வேலியில் அரசின் பாசனப் பணியில் இருப்பவன். அமெரிக்காவில் ஒரு கல்வியாண்டுக்கான ஃபெல்லோஷிப்பை முடித்துத் திரும்பியபோது, அங்கே கொடுத்த பாடங்களைவிடக் கடைசி நேரத்துத் தாள்களே என்னை அதிகம் அலைக்கழித்தன. அந்த அலைச்சல் அடுத்து வருபவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஃபுல்பிரைட், ஹம்ஃப்ரி போன்ற அமெரிக்க அரசு நிதியளிக்கும் திட்டங்களில் ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசாவில் செல்வோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் சென்றவர்களுக்கு மாறுபடும் இடங்கள் சிலவற்றை ஆங்காங்கே குறித்துள்ளேன். இந்தியாவில் செய்ய வேண்டிய வேலைகள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே.

1. மூன்று மாதங்களுக்கு முன்பே வேலைகளை இடவாரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அந்த நாட்டில் இருக்கும்போது மட்டுமே முடியக்கூடிய வேலைகளையும், வலப்பக்கம் ஊருக்கு வந்துதான் முடியக்கூடிய வேலைகளையும் எழுதுங்கள். அவசரத்தை மட்டும் வைத்துப் பட்டியல் போடுபவர்கள் பெட்டி கட்டுவதையும் பிரிவு உபசார விருந்தையும் முதலில் எழுதி, பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழைக் கடைசியில் எழுதுகிறார்கள். பெட்டியை ஒரே இரவில் கட்டிவிடலாம். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க மாநில அரசின் முத்திரையைப் பெறுவதற்கோ மாதக்கணக்கில் ஆகும், செலவும் பல மடங்காகும். இடப்பக்கத்துப் பட்டியலில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் விமானம் ஏறுவதே இந்தக் கட்டுரை சொல்லும் வேலைகளில் முக்கால் பங்கு.

2. விசாவின் முடிவுத் தேதியையும் அரசாணையின் முடிவுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஜே-1 விசாவில் இருப்பவருக்கு முக்கியமான தேதி கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவில் இல்லை; திட்டத்தை நடத்துபவர் தரும் டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுப் படிவத்தில் உள்ள திட்ட முடிவுத் தேதியே கணக்கு. அதற்குப் பிறகு ஊர் சுற்றவும் மூட்டை கட்டவும் 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாட்களில் வேலை செய்யக் கூடாது. ஒருமுறை அமெரிக்காவை விட்டு வெளியேறினால் அந்த விசாவை நம்பித் திரும்பி உள்ளே வரவும் முடியாது. நயாகராவின் கனடாப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் திட்ட முடிவுத் தேதிக்கு முன்பே, டிஎஸ்-2019 படிவத்தில் திட்ட அலுவலர் இடும் பயணக் கையொப்பத்தோடு பார்த்துவிடுங்கள். கனடாவுக்குத் தனி விசா வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த 30 நாளில் உதவித்தொகை வராது. பெரும்பாலான திட்டங்களில் மருத்துவக் காப்பீடும் திட்ட முடிவுத் தேதியோடு நின்றுவிடும். ஜே-1 விதிப்படி திட்டக் காலம் முழுவதும் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை அது ஈடுசெய்ய வேண்டும். அவகாச நாட்களில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் பலரும் காப்பீடே இல்லாமல் சுற்றுகிறார்கள். அமெரிக்காவில் ஒருமுறை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வந்தால் வரக்கூடிய பில்லை நினைத்தால், சில வாரங்களுக்குத் தனியாக ஒரு பயணக் காப்பீடு எடுப்பது பெரிய செலவே அல்ல.

அரசு ஊழியர்கள் இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விசா தரும் 30 நாள் உங்கள் துறை தந்த 30 நாள் அல்ல. உங்களை அனுப்பிய ஆணையில் எந்தத் தேதி வரை பணிக்காலமாகவோ விடுப்பாகவோ கருதப்படும் என்று இருக்கிறதோ, அந்தத் தேதிதான் இங்கே செல்லும். திட்டம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்து, நீங்கள் ஞாயிறு புறப்பட்டுச் செவ்வாய் இரவு ஊர் சேர்ந்தால், ஆணை வெள்ளியோடு முடிந்திருக்குமானால் இடைப்பட்ட நாட்கள் கணக்கில்லாத நாட்கள் ஆகிவிடும். பயண நாட்களும் ஆணையில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் அந்த நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு கேட்டு, அங்கிருந்தே மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பி, பெற்றுக்கொண்டதாக ஒரு வரிப் பதிலையாவது வாங்கிவையுங்கள்.

அடுத்தது இரண்டாண்டு நிபந்தனை. அமெரிக்க அரசின் பணத்திலோ நம் அரசின் பணத்திலோ நடக்கும் பரிமாற்றத் திட்டத்தில் சென்றவர், மொத்தமாக இரண்டாண்டு சொந்த நாட்டில் வசித்த பிறகே ஹெச், எல் வகை வேலை விசாக்களையோ நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டையோ பெற முடியும். சுற்றுலா விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் இந்தத் தடை இல்லை. 2024 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திறன் பட்டியலில் (எந்த நாட்டவருக்கு எந்தத் துறைத் திறனுக்காக இந்த நிபந்தனை பொருந்தும் என்று அமெரிக்கா வெளியிடும் பட்டியல்) இந்தியா இல்லை என்பதால், "இனி இந்தியர்களுக்கு இரண்டாண்டு நிபந்தனையே கிடையாது" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். திறன் பட்டியலால் மட்டும் நிபந்தனைக்கு உட்பட்டவர்களுக்கே அது பொருந்தும். அரசு நிதி பெற்றவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையிலும் முடித்தவுடன் நாடு திரும்பிக் குறைந்தது இரண்டாண்டு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

3. அங்கே மட்டும் கிடைக்கும் தாள்கள்

ஃபெல்லோஷிப் நிறைவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம். பணிப்பதிவேட்டில் ஏற்ற அது மட்டும் போதாது. நிகழ்ச்சி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பயின்ற பாடங்கள், பணியாற்றிய நிறுவனம், பெற்ற உதவித்தொகையின் மொத்தம் ஆகியவற்றைச் சொல்லும் ஒரு கடிதத்தை, நிறுவனத்தின் முகப்புத்தாளில், மையால் கையெழுத்திட்டு வாங்குங்கள். பாடங்களுக்கு மதிப்பெண் பட்டியல் உண்டென்றால் அதையும் உறையை ஒட்டி முத்திரையிட்டு இரண்டு பிரதி வாங்குங்கள். கடவுச்சீட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். நம் ஊரில் முன்னெழுத்து வைப்பவர்களுக்கு அங்கே தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகிவிடுவதால், ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் வந்து நிற்கும். அதைத் திருத்த வேண்டிய இடம் அந்த ஊர் அலுவலக மேசைதான். இங்கே வந்து பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை.

சில துறைகளும் பல்கலைக்கழகங்களும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது தாளில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று அரசு இடும் சான்று முத்திரை, கேட்கும். எந்த நாட்டில் தாள் உருவானதோ அந்த நாடுதான் அந்த முத்திரையை இட முடியும். அமெரிக்காவில் பதிவாளர் கையெழுத்தை நோட்டரி சான்றளித்த பின் மாநிலச் செயலர் அலுவலகம் முத்திரை இடும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் ஒரு தாளுக்குச் சில டாலர் முதல் சில பத்து டாலருக்குள் முடிந்துவிடும். பிரிட்டனில் இதற்கு வெளியுறவுத் துறையின் கீழ் தனி அலுவலகம் இருக்கிறது. தேவைப்படுமா என்று இப்போது தெரியாது என்றாலும் ஒரு பிரதிக்காவது முத்திரை வாங்கிவிடுங்கள் என்பதே என் யோசனை. ஊர் திரும்பிய பிறகு முகவர் வழியாக இதைச் செய்யப் போனால், கூரியர் செலவே முத்திரைக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றை யாரும் நினைப்பதில்லை. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ குடியேற நினைத்தால், நீங்கள் முன்பு பல மாதங்கள் வசித்த நாடுகளிலிருந்தும் அந்தச் சான்றைக் கேட்பார்கள். அமெரிக்காவில் இதை எஃப்பிஐ தருகிறது; கட்டணம் 18 டாலர், கைரேகை பதிவதற்குத் தனிச் செலவு. வேறு நாடு போகும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

தடுப்பூசிப் பதிவு, பல் மருத்துவரின் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றையும் மருத்துவமனையின் இணையப் பக்கம் மூடப்படுவதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க எல்லைத் துறையின் இணையத்தில் கிடைக்கும் ஐ-94 பதிவில் உங்கள் வருகை, வெளியேற்ற விவரம் இருக்கும். புறப்படுவதற்கு முன் ஒன்றும் ஊர் வந்த பின் ஒன்றுமாக அச்சிட்டு வையுங்கள். நிறுவன மின்னஞ்சல் எந்தத் தேதியில் நிற்கும் என்று கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே முக்கியமானவர்களுக்கெல்லாம் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன பேராசிரியரிடம், உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

4. வாடகை வீடும் முன்பணமும்

வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ அதை எழுத்தில் கொடுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலும் மூன்று மாதம். அங்கே வீட்டைக் காலிசெய்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவையும் நீக்கியாக வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வேறு பல ஒப்பந்தங்களை முடிப்பது கடினம்.

அமெரிக்காவில் முன்பணம் வீட்டைக் காலிசெய்த அன்றே கைக்கு வராது. மாநிலச் சட்டப்படி வீட்டுக்காரருக்குச் சில வாரம் அவகாசம் உண்டு. அதன்பின் காசோலையாகத் தபாலில் அனுப்புவார். உங்கள் திருநெல்வேலி முகவரிக்கு டாலர் காசோலை வந்துசேர்ந்தால், அதை இங்குள்ள வங்கியில் பணமாக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பல கிளைகள் வாங்கவே மறுக்கின்றன. எனவே வங்கிக் கணக்குக்கே அனுப்புவதாக எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். இல்லையென்றால் அங்கேயே தங்கும் நம்பகமான நண்பரின் முகவரியைக் கொடுங்கள். சாவி ஒப்படைக்கும் நாளில் அடுப்பின் உட்புறம், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டு, குளியலறைத் தரை ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். நம் சமையலில் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் வலையில் எண்ணெய் படிந்திருக்கும். துப்புரவுக்கென்று பிடித்தம் செய்வது பெரும்பாலும் அங்கேதான். வலையைக் கழற்றிச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும்.

5. வங்கி, வரி, கைபேசி எண்

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஜூன் மாதம் திட்டம் முடிந்து வருபவர், அந்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை பெற்ற உதவித்தொகைக்கான அமெரிக்க வரிக்கணக்கை அடுத்த ஆண்டில்தான் தாக்கல் செய்ய முடியும். அதற்கு ஆதாரமாக, பெற்ற தொகையையும் பிடித்த வரியையும் காட்டும் 1042-எஸ் படிவம் அடுத்த ஆண்டு மார்ச் 15 வாக்கில் வரும். ஊதியமாகப் பெற்றவர்களுக்குத் தாக்கல் செய்ய ஏப்ரல் 15 கடைசி நாள். ஊதியம் இன்றி உதவித்தொகை மட்டும் பெற்றவர்களுக்கு ஜூன் 15. ஜே விசாவில் உள்ளவர்களின் வரிக்குரிய உதவித்தொகையில் வழக்கமாக 14 விழுக்காடு பிடித்துவிடுவார்கள். அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. எனவே அமெரிக்க வங்கிக் கணக்கை ஊர் வரும் முன் மூடாதீர்கள். மாதக் கட்டணம் இல்லாத கணக்காக மாற்றி, சிறு தொகையை விட்டு வையுங்கள்.

கணக்கு இருந்தும், அதில் பதிந்த அமெரிக்கக் கைபேசி எண் செத்துவிட்டால் உள்ளே நுழைய முடியாது. ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) அந்தக் கைபேசிக்குத்தான் வரும். மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு எண்ணை மாற்றி, இந்தியாவில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கேட்டு உறுதிசெய்துவிட்டுப் புறப்படுங்கள். இதே ஆபத்து மறுபக்கமும் உண்டு. ஆதாரோடும் வங்கியோடும் இணைந்த இந்திய எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம். அங்கே இருக்கும் காலம் முழுவதும் ரீசார்ஜ் செய்து, அவ்வப்போது ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பி, எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

வரிக்கணக்கில் உள்ள பெரிய பொறி, அங்கே வசிப்பவர்களுக்கான 1040 படிவத்தை நிரப்பிவிடுவது. விளம்பரத்தில் வரும் மென்பொருள்களில் பல அந்தப் படிவத்துக்கு மட்டுமே உரியவை. முதலிரண்டு ஆண்டில் இருக்கும் ஜே-1 ஃபெல்லோக்கள் பொதுவாக நிரப்ப வேண்டியவை அங்கே வசிக்காதோருக்கான 1040-என்ஆர் படிவமும், அங்கிருந்த நாட்களை வசிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று காட்டும் 8843 படிவமும். மாநில வரி இருந்தால் அது தனி. பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கென்று தரும் வரி மென்பொருளின் அனுமதி உங்களுக்கு அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்று புறப்படும் முன் கேளுங்கள்; கேட்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

பணத்தை ஊருக்கு அனுப்புவதைக் கணக்கிலிருந்து கணக்குக்கே செய்யுங்கள். வங்கிவழி அனுப்பினால் ஒரு முறைக்குச் சில பத்து டாலர் கட்டணம் ஆகலாம் என்பதால், சிறிது சிறிதாக அனுப்பாமல் சேர்த்து அனுப்புவது லாபம். 2026 ஜனவரி 1 முதல், ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு அமெரிக்கா 1 விழுக்காடு வரி விதிக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அது இல்லை.

இந்திய வருமான வரியை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் அவரிடம் இரண்டு செய்திகளைத் தாமாகவே சொல்லியாக வேண்டும். முதலாவது, நாட்கணக்கு. ஆகஸ்ட்டில் புறப்பட்டவர் அந்த நிதியாண்டில் ஏப்ரல் முதல் நான்கு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருந்திருப்பார். ஓராண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டில் 365 நாளும் இங்கே இருந்தவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படலாம். வேலைக்காக வெளிநாடு செல்பவர்களுக்கு 182 நாள் என்ற சலுகை உண்டு. ஃபெல்லோஷிப்பை வேலையாகக் கொள்வதா என்பது உங்கள் ஆணையின் சொற்களைப் பொறுத்தது. அதனால் ஆடிட்டருக்கு ஆணையின் நகலையும் கடவுச்சீட்டில் முத்திரை உள்ள பக்கங்களையும் கொடுங்கள். இரண்டாவது, நீங்கள் விட்டுவந்த அமெரிக்க வங்கிக் கணக்கு. வசிப்பவராகக் கருதப்படும் ஆண்டில் அதில் நூறு டாலர் இருந்தாலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும்; சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது. 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி இதைக் காட்டாததற்கான அபராதம் 10 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்து மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். தளர்த்தப்பட்டது அபராதம்தான், காட்ட வேண்டிய கடமை போகவில்லை.

6. நிறைவு அறிக்கையை அங்கிருந்தே எழுதி முடியுங்கள்

நிதி கொடுத்தவர்கள் கேட்கும் அறிக்கைக்குப் படிவம் இருக்கும். அதை நிரப்புவது கடினமல்ல. உங்கள் துறைக்கு நீங்களாகவே எழுத வேண்டிய இரண்டாவது அறிக்கை ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் ஊர் வந்து நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஊர் வந்தால் நிதானம் இருக்காது. எங்கள் துறையில் ஜூன் என்பது கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறப்பதை ஒட்டிய காலம். உங்கள் துறையிலும் அப்படி ஒரு நெருக்கடி மாதம் இருக்கும். பார்த்தது கண்ணில் நிற்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள்.

அதில் வியந்தவற்றை எழுதாமல், ஊரில் பணம் கேட்காமல் செய்யக்கூடியவற்றை முதலில் எழுதுங்கள். அங்கே ஒரு கால்வாய் நிர்வாக அலுவலகத்தில் இருந்தபோது, மதகுக் கதவுகளை மைல்கணக்கில் தொலைவிலிருந்து கணினி ஏற்றி இறக்குவதைப் பார்த்தேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதத் தோன்றும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றின் கால்வாய்களுக்கெல்லாம் அப்படிக் கதவு போட மதிப்பீடு தயாரித்தால், அது மேசைக்கு மேசை போய்க் கோப்பாகவே நின்றுவிடும். அதே அலுவலகம் இன்னொரு வேலையும் செய்தது. நேற்று எந்தக் கிளையில் எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பதை ஒரே தாளில் எழுதி, விவசாயிகள் பார்க்கும்படி ஒவ்வொரு நாள் காலையும் வைத்தது. இங்கே அதைச் செய்வதற்குத் தடையாக இருப்பது என்ன என்று தேடிப்போனால், தலைமதகின் பக்கச் சுவரில் வரைந்த அளவுக்கோலில் போய் நிற்கிறது. தண்ணீர் வழக்கமாக நிற்கும் உயரத்தில்தான் எண்கள் பாசி பிடித்து அழிந்திருக்கின்றன. தண்ணீர் எப்போதாவது எட்டும் மேல் எண்கள் மட்டும் வண்ணம் மாறாமல் இருக்கின்றன. அதற்கு வேண்டியது ஒரு டின் எனாமல் பெயிண்ட். அறிக்கையில் இந்த அளவுக்கு இறங்கி எழுதினால், மேலதிகாரி படித்துவிட்டு அன்றே ஒரு சொல் சொல்ல முடியும்.

ஆய்வுத் தரவுகளை எடுத்துவருவதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மனிதர்களிடம் நேர்காணல் செய்து சேர்த்த தரவுகளுக்குப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு விதித்த நிபந்தனைகள் நீங்கள் நாடு திரும்பிய பிறகும் தொடரும்.

7. மூட்டை முடிச்சும் வழியும்

அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. கைபேசி, மடிக்கணினி மின்னேற்றிகளில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும். அவை இரண்டு இடத்திலும் ஓடும். சோறு வடிக்கும் குக்கர், இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி ஆகியவற்றை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சுங்கத்தில் 18 வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். மற்றப் பொருள்களுக்குப் பொதுவான இலவச வரம்பு ஒன்று உண்டு; கூடுதல் சலுகை நீங்கள் வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்தது. தொகைகள் மாற்றப்படுகின்றன என்பதால், பழைய பதிவுகளைப் பார்க்காமல் சுங்கத் துறையின் தளத்தில் அந்த வாரத்து நிலையைப் பாருங்கள். நோட்டாக 5,000 டாலருக்கு மேலோ, பயணக் காசோலை முதலியவற்றையும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ கொண்டுவந்தால் இங்கே இறங்கியவுடன் அறிவிக்க வேண்டும். 10,000 டாலருக்கு மேல் எடுத்துவந்தால் அமெரிக்காவை விட்டுப் புறப்படும்போதும் அறிவிக்க வேண்டும்.

வழியைத் தேர்வதில்தான் நம் ஊர்க்காரர்கள் பணத்தை விடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் விமானத்தில் பெரும்பாலும் 23 கிலோ எடையில் இரண்டு பெட்டி அனுமதி உண்டு. சென்னையில் இறங்கி, தூத்துக்குடிக்கு, அதாவது வாகைக்குளம் விமான நிலையத்துக்கு, வேறு டிக்கெட்டில் ஏறினால் உள்நாட்டு விமானத்தில் வழக்கமாக 15 கிலோதான் விடுவார்கள். மீதி 31 கிலோவுக்கும் கிலோக் கணக்கில் கட்டணம் வாங்கிவிடுவார்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போட முடிந்தால் சர்வதேச அனுமதியே கடைசி வரை செல்லும். முடியாவிட்டால் திருவனந்தபுரம் வந்து இறங்குங்கள். சுங்கம் அங்கேயே முடிந்துவிடும், நாகர்கோவில் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கார்ப் பயணம். சென்னையில் இறங்குபவர்கள் உறவினர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவது இன்னமும் சிக்கனமான வழி. எல்லோருக்கும் சாக்லேட் வாங்குவது என்று முடிவுசெய்தவர்கள், ஜூன் மாத வெயிலையும் ரயில் பெட்டியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

8. பணியேற்பு: முதல் வேலை நாளிலேயே

வந்த களைப்புத் தீர ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு அலுவலகம் போகலாம் என்பது ஆசைதான். அதற்கும் விடுப்பு வேண்டும். பணியேற்பு அறிக்கையோடு நான் கொண்டுபோனவை: அனுப்பிய ஆணையின் நகல், பணிவிடுவிப்பு ஆணையின் நகல், நிறைவுக் கடிதம், கடவுச்சீட்டில் புறப்பாடும் வருகையும் முத்திரையிட்ட பக்கங்கள், விமான ஏறுதல் சீட்டுகள், கடைசி ஊதியச் சான்று. எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "சார், தேதி போட்டிருக்கீங்க, முற்பகலா பிற்பகலான்னு போடலையே, பிற்பகல்னா இன்னைக்குச் சம்பளம் யாரு தலையில எழுத?" என்றார். அவர் கேட்டது சரி. முற்பகல் என்று எழுதிப் பத்து மணிக்கே கையெழுத்திடுங்கள்.

உங்கள் பழைய பணியிடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தால், புதிய இடம் ஒதுக்கி ஆணை வரும் வரை உள்ள நாட்கள் கட்டாயக் காத்திருப்பு ஆகும். அந்த நாட்களை முறைப்படுத்தத் தனி ஆணை வேண்டும். அது தானாக வராது. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பிய தேதியை அஞ்சல் ரசீதோடு வைத்திருப்பவருக்கே காத்திருப்புக் காலச் சம்பளம் சிக்கலில்லாமல் கிடைக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு கோப்பு பல வாரம் நகராமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நகர்த்தியது அந்த ரசீது.

சம்பளப் பட்டியல், அரசின் சம்பளத் தளமான களஞ்சியத்தில் மீண்டும் இயங்குவதற்குப் பணம் வழங்கும் அலுவலர் உங்கள் பெயரை மறுபடி செயல்படுத்த வேண்டும். பட்டியல் மாதத்தின் பிற்பகுதியில் கருவூலத்துக்குப் போய்விடும் என்பதால், மாத முதல் பாதிக்குள் பணியேற்றால்தான் அந்த மாதச் சம்பளத்தை எதிர்பார்க்கலாம். எப்படியும் இரண்டு மாதக் குடும்பச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விலையுயர்ந்த பொருள் வாங்கி வந்திருந்தால், 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி துறைக்குத் தெரிவிக்க வேண்டிய வரம்பில் வருகிறதா என்று பாருங்கள்.

புறப்படும்போது எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்து, எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது நாடு திரும்பிய தேதியா, பணியேற்ற தேதியா என்பது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். தனியார் நிறுவனங்களிலிருந்து சென்றவர்களுக்கும் இதே கேள்வி உண்டு.

9. குடும்பத்தோடு சென்றவர்களுக்கு: பள்ளிச் சேர்க்கை

அமெரிக்கப் பள்ளிகள் நம் ஊர் மாற்றுச் சான்றிதழ் போன்ற ஒன்றைத் தருவதில்லை. மதிப்பீட்டு அறிக்கை, தடுப்பூசிப் பதிவு, "இந்த வகுப்பை முடித்து அடுத்த வகுப்புக்குத் தகுதி பெற்றார்" என்று சொல்லும் கடிதம் ஆகிய மூன்றையும் பள்ளி முத்திரையோடு வாங்குங்கள். அங்கே கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் இங்கே பள்ளி திறந்துவிடும். ஏப்ரலிலேயே தாத்தா பாட்டியை அனுப்பி இடம் கேட்டுவைப்பது நல்லது. பிள்ளை முன்பு தமிழ்நாட்டில் படித்திருந்தால் பள்ளிக்கல்வித் துறை தந்த பழைய எமிஸ் எண்ணைச் சொல்லிச் சேருங்கள். புது எண் எடுத்துவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு பெயராகப் பதிவில் நிற்கும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சண்டைக்கென்று இல்லாமல் பணிவாகவே இதை நினைவூட்டலாம்.

10. ஊர் வந்த முதல் மாதத்துச் சில்லறை வேலைகள்

போகும்போது வங்கிக் கணக்கை என்ஆர்ஓ (இந்தியாவில் வசிக்காதவருக்கான) கணக்காக மாற்றியிருந்தால், திரும்பிவிட்டதைத் தெரிவித்து மீண்டும் வசிப்பவர் கணக்காக மாற்றுங்கள். டாலரை டாலராகவே வைத்திருக்க விரும்புபவர்கள் ஆர்எஃப்சி (நாடு திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைக்கும்) கணக்கைக் கேட்கலாம். சிறிய கிளைகளில் தெரியாது என்பார்கள், அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளைக்குப் போங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வெளிநாட்டில் இருந்தவர்கள், பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள். ரேஷன் கடையில் கைரேகைச் சரிபார்ப்பு நிலுவையில் இருக்கும். அதையும் எரிவாயு இணைப்பின் சரிபார்ப்பையும் ஒரே நாளில் முடிக்கலாம். கடவுச்சீட்டு முடியும் தறுவாயில் இருந்தால் திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. மதுரைக்குப் போக வேண்டியதில்லை. பழைய கடவுச்சீட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், விசாவும் முத்திரைகளும் அதில்தான் இருக்கின்றன.

இரண்டாண்டு நிபந்தனை உள்ளவர்கள் ஒரு கோப்பு தொடங்கி, வருகை முத்திரையின் நகல், மாதச் சம்பளச் சீட்டு, இங்கே வசித்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். இடையில் வெளிநாட்டுப் பயணம் போனால் அந்த நாட்கள் இரண்டாண்டுக் கணக்கில் சேராது. போன தேதியையும் வந்த தேதியையும் கோப்பின் உள் அட்டையில் எழுதிவையுங்கள்.

11. கடைசியாக மூட வேண்டியவை

மூடும் வரிசை இது: வீட்டு முன்பணம் வந்து சேர வேண்டும், அடுத்த ஆண்டு 1042-எஸ் படிவம் வந்து 1040-என்ஆர் தாக்கல் ஆக வேண்டும், திரும்ப வர வேண்டிய வரி கணக்கில் ஏற வேண்டும், மீதித் தொகையை இங்கே மாற்ற வேண்டும், வங்கி அறிக்கைகள் முழுவதையும் இறக்கிக்கொண்டு கணக்கை மூட வேண்டும். மூடியதற்கான கடிதத்தை ஆடிட்டரிடம் கொடுத்து, அந்த ஆண்டு வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் மூடிய விவரத்தையும் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்கக் கைபேசி எண்ணை அதற்குப் பிறகே ரத்துசெய்யுங்கள்.